மடக்குச் சீற்றில் ஐந்து கிழமை

வணக்கம் அக்கா,

பெயர் போட வேண்டாம். கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயது 40. இவர் வயல் செய்கிறார். மகளுக்கு 14, மகனுக்கு 9. அம்மாவும் எங்களோடுதான்.

போன ஆடியில் அண்ணா குடும்பம் கனடாவில் இருந்து வந்து ஐந்து கிழமை நின்றது. அண்ணா 1998 இல் போனவர். 2003 இல் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் ஒருக்கா தனிய வந்து போனார், அதற்குப் பிறகு இப்போதுதான், மச்சாளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பெடியனுக்கு 16, சின்னவளுக்கு 11. போனில் மட்டும் அப்பம்மா என்று கூப்பிட்ட பிள்ளைகளை அம்மா முதல்தரம் கட்டிப்பிடித்தது கட்டுநாயக்காவில்தான். அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை அக்கா, அம்மா அழுதுகொண்டே சிரித்தா, அப்படி ஒரு முகத்தை நான் கன காலத்துக்குப் பிறகு கண்டேன்.

அன்றைக்கே வானில் என் இடம் எது என்று முடிவாகிவிட்டது. ஹையேஸ் வான், ஐந்து கிழமைக்கும் சேர்த்து அண்ணா பிடித்தது. முன்னுக்கு அண்ணா, நடுவில் மச்சாளும் பிள்ளைகளும், பின்னுக்கு அம்மாவும் என் பிள்ளைகளும் பெட்டிகளும். கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற மடக்குச் சீற் எனக்கு. யாரும் இரு என்று சொல்லவில்லை, நானாகத்தான் இருந்தேன். பிறகு ஐந்து கிழமையும் அதே சீற்தான். ஆரும் இறங்க வேண்டும் என்றால் நான் எழும்பி, சீற்றை மடக்கி, கதவை இழுத்துத் திறந்து, இறங்கி நிற்க வேண்டும். எல்லாரும் ஏறின பிறகு ஏறிக் கதவைச் சாத்த வேண்டும். சின்னவளுக்கு வானில் சத்தி வரும், அதனால் என் மடியில் எப்போதும் சொப்பிங் பை, தேசிக்காய், தண்ணிப் போத்தல்.

எங்கே எல்லாம் போனோம் என்று எழுதினால் கடிதம் முடியாது. ஆடிப்பிறப்புக்கு வீட்டில் கூழும் கொழுக்கட்டையும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலை. அதன் பிறகு நல்லூர்க் கொடியேற்றம், நயினாதீவு, திருகோணமலை, கண்டி, நுவரெலியா, மடு. இடையில் சொந்தக்காரர் வீடுகள். வவுனியாவில் மாமி வீடு, துணுக்காயில் சித்தப்பா வீடு, மன்னாரில் மச்சாளின் ஒன்றுவிட்ட அக்கா வீடு. ஒரு நாளில் நாலு வீடு போயிருக்கிறோம். நாலு வீட்டிலும் நெக்டோ, மாரி பிஸ்கட், "சாப்பிட்டுத்தான் போகவேணும்" என்ற மறிப்பு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மச்சாள் என் காதுக்குள் "இவை எத்தனை பேர், சொக்லேட் எத்தனை பை குடுக்கிறது" என்று கேட்பா, நான் கணக்குச் சொல்ல வேண்டும். வெளிக்கிட்ட பிறகு இன்ன வீட்டுக்குக் குறைந்துபோச்சு என்ற கதையும் எனக்குத்தான் வரும். முறிகண்டியில் மட்டும் எனக்குச் சந்தோசம். அந்த வழியால் எந்தப் பயணமாக இருந்தாலும் அங்கே நிற்பாட்டித் தேங்காய் உடைக்க வேண்டும், கச்சான் வாங்க வேண்டும். அங்கே எல்லாரும் இறங்கிவிடுவார்கள், கொஞ்ச நேரம் வான் எனக்கு மட்டும்.

தூரப் பயணம் என்றால் விடிய 3 மணிக்கு எழும்பி எல்லாருக்கும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டுவேன். பிள்ளைகள் கடையில் பிட்சா கேட்பார்கள். சரி, பிள்ளைகள்தானே. ஆனால் இவர் இரவில் "வயல் அறுவெட்டுக்கு நிற்குது, நான் இனி வரேல்ல" என்று சொன்னபோது எனக்கு இவரில் கோவம் வரவில்லை, பொறாமை வந்தது. இவருக்கு வராமல் விட ஒரு காரணம் இருக்கிறது.

வெளிக்கிடுகிற அன்று மச்சாள் வான் டிரைவருக்கு முன்னாலேயே இவரின் கையில் ஒரு என்வலப்பைத் திணித்தா. இவர் ஒன்றும் கதைக்காமல் அதைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தவர், இன்றைக்கு வரைக்கும் அது திறக்கப்படவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் எழுத வந்தது இதை இல்லை.

நல்லூர் கொடியேறிக் கொஞ்ச நாளில் அண்ணா முல்லைத்தீவுக்குப் போவோம் என்றார். பரந்தன்–முல்லைத்தீவு வீதி முழுக்க 50 கிலோமீற்றர் சொச்சம்தான், அதுவும் நாங்கள் அந்த வீதிக்குக் கிட்டத்தான் இருக்கிறோம். ஆனால் நான் 2009 க்குப் பிறகு புதுக்குடியிருப்புக்கு அங்கால் அந்த வழியில் போனதில்லை. வருசாவருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறேன், ஆனால் ஏ9 ஆல் போய் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பாதையால்தான். கேட்டால் அந்த பஸ்தான் வசதி என்று சொல்லுவேன்.

அப்பா 2009 சித்திரை மாதம், வலைஞர்மடத்துக்கும் இரட்டைவாய்க்காலுக்கும் இடையில் செல் விழுந்து செத்தவர். எனக்கு அப்போது 24 வயது. நானும் அம்மாவும் பக்கத்து பங்கர்க்காரர் இரண்டு பேரும் சேர்ந்து அவரை நாங்கள் இருந்த பங்கருக்குள்ளேயே வைத்து மூடினோம். வெள்ளைத் துணி இல்லை, என்னுடைய சோட்டியால் முகத்தை மூடினேன். பக்கத்தில் கட்டில்லாத ஒரு கிணறு, வட்டுப் போன ஒரு பனை. அடுத்த மாதம் வட்டுவாகல் பாலத்தால் வந்தோம், பிறகு செட்டிகுளம் முகாம். அங்கே இருந்துதான் அண்ணாவுக்குப் போனில் சொன்னேன். மூத்த மகன், கொள்ளி வைக்க முடியவில்லை என்பது அவருக்கு இன்றைக்கும் ஆறாத புண்.

அன்றைக்கு வானில் புதுக்குடியிருப்பு தாண்டினதும் அண்ணா டிரைவரிடம் மெல்லப் போகச் சொன்னார். பெடியன் யன்னலில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். இரட்டைவாய்க்கால் கிட்ட வந்ததும் அண்ணா முன்சீற்றில் இருந்து திரும்பி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "தங்கச்சி, அப்பாவை எவடத்தில வைச்சனியள்?" என்று கேட்டார்.

நான் தெரியாது என்று சொன்னேன்.

அக்கா, எனக்குத் தெரியும். கதவு யன்னலால் கடற்பக்கமாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பனை இல்லை. கிணற்றுக்கு ஆரோ கட்டுக் கட்டி நீலப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அதே கிணறுதான். அம்மாவுக்கும் தெரியும், அம்மா அந்த நேரம் மற்றப் பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வட்டுவாகல் பாலத்தில் ஏறினதும் என் காது அடைத்துவிட்டது. வானுக்குள் கதைக்கிறது தூரத்தில் கேட்கிற மாதிரி. சின்னவள் சத்தி எடுக்க வந்தாள், நான் பையைப் பிடித்தேன், என் கை நடுங்கிப் பை சரசரத்தது. பின்னுக்கு இருந்த என் மகள் எட்டி என் கையில் இருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு அண்ணா அம்மாவுக்கு முன்னால், "பக்கத்தில இருந்துகொண்டு இவ்வளவு காலத்தில ஒருக்காவாவது போய்ப் பாக்கேல்லையா நீ" என்றார். கத்தவில்லை, மெல்லத்தான் சொன்னார். அது போகவே மாட்டேன் என்கிறது.

அவர்கள் போய் இரண்டரை மாதம். எனக்கு இரவு 2 மணிக்கு முழிப்பு வந்துவிடும், பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. றோட்டில் வான் கதவு இழுக்கிற சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கிறது. மகனுக்கு ஒன்றுமில்லாததுக்கெல்லாம் ஏசுகிறேன். மகளும் மாறிவிட்டாள். மச்சாளின் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் கதைக்கிறாள், ஒருக்கா "கனடாவில படிக்கலாமா அம்மா" என்று கேட்டாள், அதற்குப் பிறகு கதை குறைவு. பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தும் கழற்றாமல் நான் எங்கே என்று தேடுகிறாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். தனிக் கட்டிலை விட்டுவிட்டு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து படுக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் வசதியைக் கண்டு மனம் உடைந்துபோனாளோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது அண்ணா, அடுத்த ஆடிக்கும் வருகிறோம், அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களை விசாரித்து இடத்தைக் கண்டுபிடி, ஒரு கல்லாவது வைப்போம் என்று வொய்ஸ் போடுகிறார். கேட்டுவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறேன். நீலக்கோடு விழுந்தது அவருக்கும் தெரியும்.

எனக்கு அவர்களில் பொறாமையா? அண்ணாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? தகப்பன் கிடக்கிற இடத்தைச் சொந்த அண்ணனுக்கே ஒளித்தவள் என்று நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

— கண்டாவளையில் இருந்து ஒரு தங்கை

* * *

அன்பான தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் "இதெல்லாம் ஒரு பக்கம், எழுத வந்தது இதை இல்லை" என்று தள்ளிவிட்ட பாதியில் இருந்தே தொடங்குகிறேன், குறைநினைக்க வேண்டாம்.

நான் வவுனியாவில் உளவளத்துணை செய்கிறேன். நல்லூர்த் திருவிழா முடிந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் விமானம் ஏறின பிறகு, நாரிப்பிடிப்பு, தலையிடி, நித்திரை இல்லை என்று சொல்லிக்கொண்டு சில பெண்கள் வருவார்கள். கதைக்கக் கதைக்க வெளியே வருவது அநேகமாக வான், சமையல், என்வலப், சொக்லேட் கணக்கு. எல்லாரும் உங்களைப் போல வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொல்லுவார்கள், இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த உடன்பிறப்பைப் பற்றி இப்படிச் சின்னத்தனமாக யோசிக்கலாமா என்று. விடிய 3 மணிக்கு எழும்பினது சின்ன விசயம் இல்லை. ஐந்து கிழமை ஒரு மனிசி மடக்குச் சீற்றில் இருந்தால் அவவின் முதுகும் நோகும், மனமும் நோகும். அதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது களைப்பு, அந்தக் களைப்பை ஒருவரும் காணவில்லை என்ற மனவருத்தமும் அதோடு சேர்ந்தது. பொறாமை என்ற சொல்லை நீங்கள் உங்கள் கணவரைப் பற்றி எழுதும்போதுதான் சரியாகப் பாவித்திருக்கிறீர்கள். வராமல் விட அவருக்கு ஒரு காரணம் இருந்தது, உங்களுக்கு இல்லை. உங்களுக்கும் ஒன்று இருந்ததுதான், அவருடைய வயலை விடப் பெரிய காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

மச்சாள் விசயத்தில் மட்டும் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. சொக்லேட் எத்தனை பை என்று உங்களைக் கேட்டது, தனக்கு முன்பின் தெரியாத சனத்துக்குள் மரியாதை பிழைத்துப்போகக் கூடாது என்ற பதற்றமாகவும் இருக்கலாம். அந்த வீடுகளில் அவவும் ஒரு விதத்தில் விருந்தாளிதான், அநேகமாக எல்லாரும் அண்ணாவின் ஆட்கள். என்வலப்பை டிரைவருக்கு முன்னால் கொடுத்தது பிழை, அது உங்கள் கணவரின் ரோசத்தில் பட்டுவிட்டது. அதற்காக அதைச் சாமிக்குப் பின்னால் பூட்டி வைத்தால் அந்த வீட்டில் தினமும் விளக்குக் கொளுத்தும்போது அந்த அவமானத்துக்கும் சேர்த்துத்தான் கொளுத்த வேண்டி வரும். காலபோகம் தொடங்கிவிட்டது, உரம் விற்கிற விலைக்குக் காசு தேவை. திறவுங்கள். இவருக்கு மனமில்லை என்றால் உங்கள் ஐந்து கிழமைக் கூலி என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

சரி, இனி அந்தப் பாதைக்கு வருவோம்.

நீங்கள் வற்றாப்பளைக்கு மாங்குளம் சுற்றிப் போகிறேன், அந்த பஸ்தான் வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். 16 வருசமாக ஒரு சுற்றுப்பாதை. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்தேன். உங்கள் மனம் ஒரு ஒழுங்கு செய்து வைத்திருந்தது, அந்த ஒழுங்கோடு நீங்கள் கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, அம்மாவைப் பார்த்து, வயல் வீடு எல்லாம் நடத்தியிருக்கிறீர்கள். அது கோழைத்தனம் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தபடியால், ஒரு நாள் வான் நேராக அந்தப் பாதையில் ஏறியபோது நிற்பாட்டச் சொல்ல உங்களிடம் சொல் இருக்கவில்லை.

பாலத்தில் காது அடைத்தது, கை நடுங்கினது, கதைக்கிறது தூரத்தில் கேட்டது, இதெல்லாம் விசர் இல்லை. பெரிய உயிராபத்தைக் கண்ட உடம்பு, அந்த இடத்தையோ அதைப் போல ஒரு சத்தத்தையோ மணத்தையோ கண்டால், ஆபத்து திரும்பவும் வந்துவிட்டது என்று நினைத்து ஆயத்தமாகும். மூளைக்கு அது 2025 என்று தெரியும், உடம்புக்கு அது 2009 வைகாசி. இப்போது வான் கதவுச் சத்தத்துக்கு நெஞ்சு அடிக்கிறதும் அதுதான், அந்தச் சத்தம் அன்றைய பயணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இரவு 2 மணிக்கு முழித்தால் படுத்துக் கிடந்து மல்லுக்கட்ட வேண்டாம். எழும்பிச் சீமெந்து நிலத்தில் வெறுங்காலை வையுங்கள், குளிர் தெரியட்டும். மூச்சை எடுக்கிற நேரத்தை விட விடுகிற நேரம் கூட இருக்கட்டும், ஒரு பத்துத் தரம். கண்ணில் படுகிற ஐந்து சாமானின் பெயரை மெல்ல வாயால் சொல்லுங்கள், கதவு, குடம், மகனின் புத்தகப்பை என்று. இது மருந்து இல்லை, இப்போது எந்த வருசம் என்று உடம்புக்கு ஞாபகப்படுத்துகிற வேலை.

ஆனால் இரண்டரை மாதம் என்பது கன காலம். இப்படியான முழிப்பும் நெஞ்சடிப்பும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் நேரில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. கிளிநொச்சி பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. உங்கள் பக்கத்தில் ஆரும் கண்டு கதைப்பார்கள் என்று பயம் என்றால் முதலில் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை அது. கடிதத்துக்குப் பதில் எழுதுகிற நான் நேரில் பார்க்கிற ஒருவருக்கு ஈடு இல்லை.

இனி அந்தத் "தெரியாது".

நீங்கள் அண்ணாவுக்கு ஒளித்தீர்கள் என்று எழுதுகிறீர்கள். அந்தக் கேள்வி எங்கே வைத்துக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். ஓடுகிற வான். டிரைவர் இருக்கிறார். நாலு பிள்ளைகள், ஒரு போன் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மடியில் சத்திப் பை. அந்த இடத்தில் வைத்து, உங்கள் சோட்டியால் அப்பாவின் முகத்தை மூடின கதையை ஆருக்குச் சொல்ல முடியும்? நீங்கள் அண்ணாவுக்குப் பொய் சொன்னதாக நான் பார்க்கவில்லை, கதவைச் சாத்தினீர்கள். ஐந்து கிழமையும் மற்ற ஆட்களுக்காகத் திறந்து சாத்தின கதவை அன்றைக்கு மட்டும் உங்களுக்காகச் சாத்தினீர்கள். அம்மாவும் அதைக் கண்டா. மற்றப் பக்க யன்னலைப் பார்த்தபடி உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தா. அண்ணா இரவில் அப்படிக் கேட்டபோதும் அவ வாய் திறக்கவில்லை. அந்தப் பங்கருக்குள் உங்களோடு நின்ற ஒரே ஆள் இப்போது அவதான். அண்ணாவிடம் கதைக்க முதல் அவவோடு ஒருக்கா கதையுங்கள். நீண்ட கதை வேண்டாம். அடுப்படியில் வைத்து, "அம்மா, கிணத்துக்கு நீலம் அடிச்சிருக்கினம், கண்டனீங்களோ" என்று கேட்டால் போதும்.

அண்ணாவைப் பற்றியும் இரண்டு சொல். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோவம் வந்தது, பிறகு குறைந்தது. நீங்கள் பங்கருக்குள் இருந்த நாட்களில் ரொறன்ரோவில் இருந்த எங்கள் சனம் என்ன பாடுபட்டது என்று யோசித்துப் பாருங்கள். 2009 மே 10 ஆம் திகதி அங்கே கார்டினர் பெருந்தெருவையே சனம் மறித்து இருந்தது. அந்தக் கூட்டத்தில் உங்கள் அண்ணா நின்றாரோ வேலையில் நின்றாரோ எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு அவருடைய அப்பா செத்துக் கிழமைக்கணக்காகிவிட்டது, அது அவருக்குத் தெரியாது. செட்டிகுளத்தில் இருந்து உங்கள் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவருக்குள் அப்படியே கிடக்கின்றன. கொள்ளி வைக்காத மூத்த மகனுக்கு ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தர்ப்பணம் செய்தாலும், வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு சாப்பிட்டாலும், மனதில் ஒரு இடம் தேவைப்படுகிறது, கையால் தொட ஒரு மண். வடக்கில் நீண்டகாலம் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயத்தைத் தனி ஆளின் காயமாக மட்டும் பார்க்கக் கூடாது, குடும்பத்தின், சமூகத்தின் காயமாகவும் பார்க்க வேண்டும், சடங்குகள் அதை ஆற்ற உதவும் என்று எழுதியவர். உங்கள் வீட்டில் அது கண்முன்னால் தெரிகிறது. அப்பாவின் சாவு இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மூடின கை உங்களுடையது, சடங்கு செய்ய வேண்டிய கை அவருடையது. அவர் தேடுகிற இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள், அதனால்தான் உங்களுக்கு அங்கே போக முடியவில்லை. "பக்கத்தில இருந்துகொண்டு" என்று அவர் சொன்னது அதை விளங்காததால். நீங்கள் இன்னும் சொல்லாதபடியால்தான் அவருக்கு அது விளங்கவில்லை.

ஆகவே சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் வசதிக்கு, உங்கள் நேரத்துக்கு. முதலில் இரண்டு மூன்று தரம் நேரில் ஒருவரிடம் கதைத்துவிட்டு. குடும்ப குறூப்பில் வேண்டாம், பிள்ளைகள் எட்டிப் பார்க்கிற வீடியோ கோலிலும் வேண்டாம். குளிர்காலத்தில் எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் பத்தரை மணித்தியாலம், அங்கே இரவு 8 மணி என்றால் எங்களுக்கு விடிய 6.30. அவர் வேலையால் வந்திருப்பார், உங்கள் வீட்டில் இன்னும் சத்தம் தொடங்கியிருக்காது. நேரில் கதைத்தால் தொண்டை அடைக்கும் என்றால் வொய்ஸ் போடுங்கள், அவரும்தான் அதில் கதைக்கிறார். என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்க வேண்டாம், இப்படி ஏதாவது சொல்லலாம்:

"அண்ணா, அப்பாவை எங்க வைச்சம் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு வானுக்குள்ள பிள்ளையளுக்கு முன்னால என்னால சொல்ல ஏலாமல் போச்சு. நான் இவ்வளவு காலமும் போகாமல் விட்டது மறந்து இல்ல, போக ஏலாததாலதான். இப்ப அதைப் பற்றிக் கன கேள்வி கேக்காதேங்கோ. நானாச் சொல்லுவன்."

கடைசி இரண்டு வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். அண்ணா அழுவார். கேள்விகளும் கேட்பார். அன்றைக்கே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, "இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கலாம்.

கல் வைக்கிறதைப் பற்றி இப்போதே முடிவு எடுக்க வேண்டாம். அந்தக் காணியில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது போலத் தெரிகிறது, கிணற்றுக்கு நீலம் அடித்து, அந்தத் தண்ணியைக் குடித்துக்கொண்டு. அவர்களிடமும் கேட்க வேண்டும், அவர்களும் ஏதோ ஒரு பாலம் கடந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். நீங்கள் கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஒரு கொப்பித் தாளில் றோட்டு, கிணறு, பனை நின்ற இடம் என்று கீறிக் கொடுத்தால் உங்கள் கணவர் அண்ணாவை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகலாம். போக வேண்டும் போல இருந்தால், அண்ணாவும் நீங்களும் மட்டும் ஒரு காலமை போங்கள், வெயில் ஏறமுதல். திரும்புவோம் என்று நீங்கள் சொன்ன இடத்தில் திரும்ப வேண்டும், புதுக்குடியிருப்புச் சந்தியாக இருந்தாலும். அதை வெளிக்கிட முதலே பேசி வையுங்கள்.

மகளைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றுதான். நீங்கள் அவள் கனடாவைக் கண்டு மனம் உடைந்துவிட்டாள் என்று பயப்படுகிறீர்கள். 14 வயதுப் பிள்ளை வெளிநாட்டு மச்சானையும் மச்சாளையும் கண்டால் அங்கே படிக்கலாமா என்று கேட்காவிட்டால்தான் அதிசயம், அது ஒரு கேள்வி, அவ்வளவுதான், அதற்கு "கஸ்டம், ஆனா யோசிப்பம்" என்று ஒரு நேர்மையான பதில் போதும். என் கண்ணில் பட்டது வேறு. பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்துக் கழற்ற முதல் உங்களைத் தேடுகிறாள். இரவில் உங்கள் பக்கத்தில் வந்து படுக்கிறாள். அவள்தான் பாலத்தில் வைத்து உங்கள் கையில் இருந்து பையை வாங்கினவள். அம்மாவின் கை அப்படி நடுங்குவதை அதற்கு முதல் அவள் கண்டிருக்க மாட்டாள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, உங்கள் வீட்டில் அதைக் கேட்கக் கூடாது என்று பிள்ளைகள் தானாகப் பழகியிருப்பார்கள். அதனால் அம்மா இருக்கிறாவா என்று வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

அவளுக்கு முழுக்கதையும் வேண்டாம். தலை இழுத்துப் பின்னும்போது சொல்லுங்கள், அந்த நேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. "அண்டைக்குப் பாலத்தில எனக்குப் பழைய ஞாபகம் வந்திட்டுது, அதாலதான் கை நடுங்கினது. எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல. நீ பையை வாங்கினது எனக்குப் பெரிய உதவி." அம்மப்பாவைப் பற்றிக் கேட்டால், அவர் எப்படிச் செத்தார் என்பதோடு நிற்பாட்டாமல், எப்படி இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அப்பா செத்த இடம் இருக்கிறது, மூடின இடம் இருக்கிறது, அவர் என்ன வேலை செய்தார், என்ன பகிடி விடுவார், எந்தக் கறிக்கு இரண்டாம்தரம் சோறு போடுவார் என்று ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளிடம் தொடங்க அது நல்ல இடம். மகனையும் பக்கத்தில் இருத்துங்கள், ஏச்சு வாங்கினவனுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

அடுத்த ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வான் பிடிக்க முதலே பாதி நாட்களுக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொல்லி வையுங்கள், காரணம் கேட்டால் அறுவெட்டு என்று சொல்லுங்கள், வயலில் உங்களுக்கும் பங்கு இருக்கிறதுதானே. போகிற நாட்களில் விடியச் சமையல் வேண்டாம், வழியில் கடைகள் இருக்கின்றன, பிள்ளைகள் பிட்சா சாப்பிடட்டும். முறிகண்டியில் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூட நேரம் நிற்கச் சொல்லுங்கள். மடக்குச் சீற்றில் அண்ணாவின் மகனை இருத்துங்கள், அவனுக்கு அப்போது 17 வயது, கதவு திறக்கத் தெரியும்.

அன்புடன்,
அக்கா